பெயர் காலடியில் இருந்தது: வராங்கர் புதர்வெளியில் ஒரு நாய்க்குடை

காளானை அடித்தண்டில் கத்தி வைத்து அரிந்து எடுப்பது சமையலுக்குப் பொறுக்குகிறவர்களின் பழக்கம். மண் ஒட்டாது, கழுவும் வேலை மிச்சம். நானும் அப்படித்தான் அரிந்தேன். அந்த ஒரு வெட்டால் இந்த இனங்காணல் இரண்டு கிழமை பிந்தியது. தேடிய விடை முழுவதும் கத்திக்குக் கீழே, மண்ணோடு மண்ணாகத் தங்கிவிட்டது.

ஓகஸ்ட் நடுப்பகுதி. நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கிற வராங்கர் தீபகற்பம், 70 பாகைக்கும் வடக்கே. முல்தே பழம் பொறுக்கப் போயிருந்தோம். விரல் நுனியளவு அன்னமுன்னா மஞ்சளாய்ப் பழுத்தால் எப்படி இருக்கும், அதுதான் முல்தே. என்னோடு வந்தவர் 1980களின் கடைசியில் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று பின்மார்க் வந்து, கூட வந்த தமிழர்களில் பலர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிப் போன பிறகும் இங்கேயே நின்றுவிட்ட ஒரு அண்ணர். நான் முழங்காலில் குந்தி ஒரு மேட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, உந்த நாய்க்குடையிலை என்ன கிடக்கு? மழை வர முன்னம் வாளியை நிரப்புவம்."

அவர் சொன்னது நியாயம். ஒரு குடையின் அகலம் என் சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஏழு குடைகள். அரிந்து, பழைய நெருப்புப்பெட்டி ஒன்றில் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

கண்ட இடம்

வராங்கர் மேட்டில் மரம் கிடையாது. கீழே பள்ளங்களில் பேர்ச் மரங்கள் காற்றுக்குக் கூனிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் மேலே ஏறினால் அவையும் நின்றுவிடும். அதற்கு மேல் முழங்காலைத் தொடாத செடிகள்தான்: ஊசிபோன்ற இலையும் கறுப்பு மணிப் பழமுமாகத் தரையோடு படர்கிற கிரெக்லிங், சட்டைப் பொத்தான் அளவு வட்ட இலை கொண்ட குள்ள பேர்ச், நீலப்பழம் தருகிற செடிகள், இடையிடையே ரெயின்டியர் மேய்கிற வெள்ளை இலைக்கன் (லைக்கன்). இந்த வெளியை நோர்வேக்காரர் 'ஹெய்' என்பார்கள். தமிழில் இதற்கென்று ஒரு சொல் இல்லை, நமக்கு இப்படி ஒரு நிலம் இல்லாததால். புதர்வெளி என்று வைத்துக்கொள்கிறேன்.

கீழே பீட் மண். குளிரிலும் ஈரத்திலும் உக்கி முடியாத செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான கறுப்பு மண் அது. கையில் எடுத்துப் பிழிந்தால் கோப்பி நிறத்தில் தண்ணீர் வரும். புளிப்பு மண், சத்துக் குறைவு. உறைபனி வருடா வருடம் தூக்கித் தூக்கி இந்த மண்ணைச் சிறு மேடுகளாக்கிவிடுகிறது. என் குடைகள் நின்றது அப்படியான ஒரு மேட்டின் வடக்குச் சரிவில், செடி உரிந்து கறுப்பு மண் வெளியே தெரிந்த ஒரு சாண் அகல இடத்தில். பக்கத்தில் பாசி உண்டு. மரத்துண்டோ சாணமோ இல்லை. இது முக்கியம். காளானைப் பார்க்கிறவர்கள் முதலில் குடையைப் பார்ப்பார்கள். நான் முதலில் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தேன், பார்த்துவிட்டு அதையே விட்டுவிட்டு வந்தேன்.

முதல் பெயர், தப்பான பெயர்

அன்றிரவு சமையலறை மேசையில் அளந்தவை இவை. குடை 6 முதல் 14 மில்லிமீற்றர். நடுவில் தொப்புள் போலக் குழி. விளிம்பிலிருந்து குழிவரை குடைக்கம்பி ஓடுவதுபோல வரிகள். ஈரமாக இருக்கையில், குடையின் அடியில் தகடு தகடாய் நிற்கிற செவுள்கள் தோலுக்கு மேலால் தெரிவதால் வருகிற வரி, காய்ந்ததும் மங்கிவிட்டது. நிறம் வெளுத்த வைக்கோல், தொப்புளில் மட்டும் சற்றுக் கடும் மண்ணிறம். கீழே செவுள்கள் தடிப்பாய், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு, தண்டின்மேல் வழிந்து இறங்கின. பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொன்றும் முக்கோணம். அரிந்தது போக மிஞ்சிய தண்டு 10 முதல் 20 மில்லிமீற்றர் நீளம், ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பில்லை. மணம் இல்லை. ஒரு குடையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தேத்தண்ணிக் கோப்பையால் மூடிவைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் வெள்ளைப் பொடி: காளானுக்கு விதைபோன்ற வித்திகள் உதிர்ந்து கிடந்தன.

ஒரு விசயத்தை அன்றே கண்டேன், அதன் பெறுமதி அப்போது தெரியவில்லை. செவுள்கள் தண்டோடு சேருகிற இடத்தில், இரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு, தண்டு மட்டும் வேறு நிறம். நாவல் பழச்சாற்றில் கோப்பி கலந்ததுபோல. ஏழில் ஐந்தில் இது துலக்கம், வயதான இரண்டில் மங்கல்.

எனக்கு முதலில் வந்த பெயர் ரிக்கெனெல்லா ஃபிபுலா. பாசிக்குள் நிற்கிற, தீக்குச்சித் தலையளவு, தொப்புள் குழி விழுந்த காளான் என்றால் வடக்கில் எவருக்கும் வாயில் வருகிற பெயர் அது. ஆனால் அது செம்மஞ்சள், என்னுடையது வைக்கோல். மழையில் வெளுத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இனங்காணலில் ஆபத்தான வசனம் இதுதான்: 'வெளுத்திருக்கும்', 'வயது போயிருக்கும்', 'குளிரில் சிறுத்திருக்கும்'. ஒவ்வொன்றும் உண்மையாகக்கூட இருக்கலாம். இரண்டை ஒன்றாகச் சொல்ல வேண்டி வந்தால் பெயரை மாற்றுவது நல்லது.

ஐயத்தைத் தீர்த்தது நுணுக்குக்காட்டி. (தமிழ்நாட்டு நண்பர்கள் நுண்ணோக்கி என்பார்கள். நான் படித்த பாடப்புத்தகத்தில் பூஞ்சை பங்கசு, லைக்கன் இலைக்கன். அந்தச் சொற்களையே இங்கே பாவிக்கிறேன்.) செவுளில் ஒரு சிறு துண்டை ஐதான பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து, கொங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடிகளுக்கு இடையில் நசித்துப் பார்த்தேன். ரிக்கெனெல்லாவாக இருந்தால் செவுளிலும் தோலிலும் தண்டிலும் சிஸ்டிடியம் என்கிற மயிர்போன்ற நீண்ட கலங்கள் துருத்திக்கொண்டு நிற்கும், தவறவிட முடியாது. இதில் ஒன்றுகூட இல்லை. ரிக்கெனெல்லா அத்தோடு போயிற்று.

அடுத்தது ஆரேனியா. பீட்டிலும் பாசியிலும் வாழ்கிற, சாம்பலும் மண்ணிறமுமான தொப்புள் காளான்கள் அடங்கிய பெரிய பேரினம், ஆர்க்டிக்கில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றின் இழைகளில் குறுக்குச்சுவர் வருகிற இடத்தில் கிளாம்ப் என்ற ஒரு சின்ன வளைவு இருக்கும், கோப்பைக்குக் கைபிடி வைத்ததுபோல. நான் தண்டிலும் செவுளிலும் குடைத்தோலிலுமாக இருநூறு குறுக்குச்சுவராவது தேடியிருப்பேன். கைபிடி எங்கும் இல்லை.

வித்திகள் 25 அளந்தேன்: நீளம் 7.5 முதல் 9.5 மைக்ரோமீற்றர், அகலம் 5.5 முதல் 7. அகன்ற முட்டை வடிவம், வழுவழுப்பு, மெல்லிய சுவர், அயடீன் கலந்த மெல்சர் கரைசலில் நீலமாகவில்லை. வித்தியைத் தாங்குகிற பேசிடியங்களில் பெரும்பாலும் நான்கு கொம்பு, அங்கொன்று இங்கொன்றில் இரண்டு.

கிளாம்ப் இல்லை, சிஸ்டிடியம் இல்லை, வெள்ளை வித்தி, வழிகிற செவுள். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு இனங்காணும் சுட்டியில் படிப்படியாக இறங்கினால் அடுத்த கேள்வி நேராக முகத்தில் அடிக்கிறது: தண்டின் அடியில் பச்சை மணிகள் உண்டா, பச்சைச் செதில்கள் உண்டா, ஒன்றும் இல்லையா?

என்னிடம் தண்டின் அடி இல்லை.

பச்சை மணிகள்

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் திரும்பப் போக முடிந்தது. ஓகஸ்ட் கடைசி, குள்ள பேர்ச் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதே மேடு. நான் அரிந்த தண்டுக் கட்டைகள் சுருங்கிப்போயிருக்க, பக்கத்தில் புதிதாய் நான்கு குடைகள். இம்முறை கத்தியை ஆழமாக இறக்கி, பெருவிரல் அளவு பீட் கட்டியோடு ஒவ்வொன்றாய் நான்கையும் பெயர்த்து எடுத்தேன். பத்து மடங்கு பெருக்குகிற கைவில்லையை வைத்தால், கறுப்பு மண்ணுக்கு மேல் கடும் பச்சை ரவை தூவினதுபோலக் கிடந்தது. மண்ணின் மேற்பரப்பில் ஒரு தோல்போல, ஈரமாகவும் கொஞ்சம் வழுவழுப்பாகவும். தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு, பஞ்சிலிருந்து மயிரிலும் மெல்லிய இழைகள் அந்தப் பச்சை ரவைக்குள் இறங்கின.

உடனே சந்தோசப்படக் கூடாது. ஈர மண்ணில் பச்சை எங்கும் உண்டு. சும்மா வாழ்கிற அல்காவும், அதாவது ஒளியில் உணவு செய்கிற நுண்ணிய உயிரும் பச்சை, பாசியின் இளம் இழைகளும் பச்சை. தவிர, பீட்டில் மணிமணியாய்ப் படர்கிற வேறு இலைக்கன்களும் இருக்கின்றன. ட்ரபெலியோப்சிஸ் கிரானுலோசா என்ற ஒன்று இதே வெளியில் மலிவு. ஆகவே மூன்று காரியம் செய்தேன்.

முதலாவது, ஒரு மணியை ஊசியால் எடுத்துத் தண்ணீரில் வைத்து மேல்மூடியை மெல்ல அழுத்தினேன். உருண்டை வெடித்தது. வெளியே நிறமற்ற பங்கசுக் கலங்கள், வெட்டுப்படத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தினதுபோல ஓடு கட்டியிருந்தன. உள்ளே நீள்வட்டமான பச்சைக் கலங்கள் குவியலாய். மணிகள் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை, அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குக்கு உட்பட்டவை. சும்மா வாழ்கிற அல்காவுக்கு இப்படி ஓடு கட்டிக் கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது, கடையில் வாங்கிய துணி வெளுக்கும் குளோரினில் ஒரு துளி. ட்ரபெலியோப்சிஸில் இருக்கிற ஒரு அமிலம் குளோரின் பட்டதும் இரத்தச் சிவப்பாகும். என் மணிகள் நிறம் மாறவில்லை. மேட்டின் மறுபக்கத்திலிருந்து சாம்பல் நிற மணிகள் கொஞ்சம் எடுத்து வந்திருந்தேன், ஒப்பிட. அவை சிவந்தன. ஆகக் கரைசலும் பழுதில்லை.

மூன்றாவது, குடை முளைக்காத இடத்தையும் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி, அதே பீட்டில், அதே பச்சை மணிகள், ஒரு குடையும் இல்லை. இதுதான் எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. மணிகளுக்குக் குடை தேவையில்லை. அவை தம் பாட்டில் வாழ்கின்றன, வருடத்தில் பெரும்பகுதி பனிக்குக் கீழே. சில இடங்களில், சில வேளைகளில், குடை விரிக்கின்றன.

அதாவது, நான் காளான் என்று நினைத்து அரிந்தது ஓர் இலைக்கனின் மேற்பகுதி.

இலைக்கன் என்றால் நம்மில் பலருக்கு மரப்பட்டையில் ஒட்டியிருக்கிற சாம்பல் திட்டு ஞாபகம் வரும். செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசியும் இலைக்கன்தான். பங்கசு வீடு கட்டுகிறது, உள்ளே குடியிருக்கிற அல்கா ஒளியில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. அந்த வீடு கட்டுகிற பங்கசு அநேகமாகக் கிண்ணம்போன்ற வித்துறுப்புக் கொண்ட வகையாக இருக்கும். குடை விரிக்கிற வகுப்பைச் சேர்ந்த பங்கசு இலைக்கனாவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்தக் குறைவுக்குள் லைக்கனோம்ஃபாலியா என்ற பேரினம் இருக்கிறது. அதன் அல்கா கொக்கோமிக்ஸா. குடையிலும் தண்டிலும் அல்கா கிடையாது, எல்லாம் நிலமட்டத்தில்தான்.

இது புதர்வெளிக்கு ஏன் இத்தனை பொருத்தம் என்று யோசித்தால் விளங்கும். ஆர்க்டிக் காளான்களில் கணிசமானவை குள்ள பேர்ச்சின் வேரையோ தரையில் படர்கிற வில்லோவின் வேரையோ பிடித்துக்கொண்டு சீனி வாங்குகின்றன. மற்றவை உக்கலைத் தின்கின்றன. வெறும் பீட் மேட்டில் பிடிக்க வேர் குறைவு, தின்ன இருப்பதோ உக்க மறுக்கிற மண். சமையற்காரனைக் கூடவே வைத்திருக்கிறவனுக்கு அந்த இடத்தில் போட்டி இல்லை.

ஒரே உயிருக்கு எத்தனை பெயர்

உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ஸ்பீசீஸ் பிளாண்டாரம் நூலிலேயே இந்தக் காளான் இருக்கிறது: அகாரிகஸ் அம்பெல்லிஃபெரஸ். குடை ஏந்தியது என்று பொருள். நாம் நாய்க்குடை என்கிறோம், அவரும் குடையைத்தான் பார்த்தார். 1796இல் காளான் ஆய்வாளர் பெர்சூன் இதே காளானை அகாரிகஸ் எரிசெட்டோரம் என்றார். லத்தீனில் எரிசெட்டம் என்றால் ஹீத் செடிகள் படர்ந்த புதர்வெளி. எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். குடை எல்லாக் காளானுக்கும் உண்டு, இது எங்கே நிற்கிறது என்று சொல்வது பெர்சூனின் பெயர் மட்டும்தான். ஆனால் பெயரிடல் விதி விருப்பத்தைக் கேட்பதில்லை.

குடையைப் பார்த்தவர்கள் ஒருபுறம் பெயர் வைத்துக்கொண்டிருக்க, மண்ணைப் பார்த்தவர்கள் மறுபுறம் வேறு பெயர் வைத்தார்கள். பச்சை மணிகளைப் பிரெஞ்சுக்காரர் பிரெபிசன் 19ஆம் நூற்றாண்டில் பொட்ரிடினா வல்காரிஸ் என்று அழைத்தார். அவருக்கு அது ஒரு அல்கா. இதன் உறவுக்கார இனமொன்று மணிக்குப் பதிலாக இலைபோன்ற பச்சைச் செதில் விடும். அந்தச் செதிலை 1810இல் அகாரியஸ், லின்னேயஸின் கடைசி மாணவர்களில் ஒருவர், ஓர் இலைக்கன் என்று விவரித்தார். பின்னர் அதற்குக் கொரிசியம் விரிடே என்ற பெயர் நிலைத்தது. அதற்கு வித்துறுப்பு எங்கே என்று தேடினார்கள், கிண்ணத்தை எதிர்பார்த்துத் தேடினார்கள். பக்கத்திலேயே குடை நின்றது. கண்ணுக்கு முன்னால் நின்றதைக் கணக்கில் எடுக்காமல் நூற்றைம்பது ஆண்டு போயிற்று. ஒரு கத்தி வெட்டில் அதே தப்பைச் செய்த எனக்கு அவர்களைக் குறை சொல்ல வாய் இல்லை.

1962இல் இன்ஸ்புரூக்கின் ஹெல்முட் காம்ஸ், பொட்ரிடினாவும் கொரிசியமும் குடைக்காளான்களின் இலைக்கன் உடல்கள் என்று எழுதினார். அதைத் தொடர்ந்து 1966இலும் 1969இலும் ஹெய்க்கிலா, கல்லியோ என்ற இருவர் வடபின்லாந்தின் இத்தகைய காளான்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அவர்களுடைய கேவோ ஆய்வு நிலையம் இருப்பது உட்ஸ்யோக்கியில். நான் நின்ற மேட்டிலிருந்து தானா ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம்.

பெயர் இதற்கிடையில் ஊர் ஊராய் அலைந்தது. டென்மார்க்கின் மோர்ட்டன் லாங்கே 1955இல் கிரீன்லாந்துக் காளான்களை எழுதும்போது ஓம்ஃபாலினா எரிசெட்டோரம் என்று வைத்தார். பல தசாப்தம் புத்தகங்களில் அதுதான் ஓடியது. ஓம்ஃபாலோஸ் கிரேக்கத்தில் தொப்புள், நோர்வே மொழியிலும் இவை 'நாவ்லெசொப்', தொப்புள் காளான். 1990களில் ஃபிரான்சுவா லுட்சோனியும் ரைட்டாஸ் வில்காலிஸும் டிஎன்ஏ பார்த்தார்கள். ஓம்ஃபாலினாவில் அல்காவோடு வாழ்கிறவை மட்டும் ஒரே கிளையாய்ச் சேர்ந்து நின்றன. 2002இல் அந்தக் கிளை தனிப் பேரினமாகி லைக்கனோம்ஃபாலியா ஆயிற்று, 'இலைக்கனான தொப்புள்'. அல்கா என்று எண்ணி வைத்த பெயர்கள் வயதில் இதைவிட மூத்தவை. விதியை நூல் பிடித்தால் அவைக்குத்தான் முன்னுரிமை. குழப்பம் வேண்டாமென்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். லின்னேயஸின் குடை மட்டும் கடைசிவரை தப்பிப் பிழைத்தது: லைக்கனோம்ஃபாலியா அம்பெல்லிஃபெரா.

கூடப்பிறந்தவர்களை விலக்குதல்

பேரினம் தெரிந்த பிறகு வேலை பாதி. இங்கே என் பகுதியில் எதிர்பார்க்கக்கூடிய உறவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஹட்சோனியானா எளிது. கொரிசியம் செதில் விடுகிறது அதுதான். மில்லிமீற்றர் கணக்கில் அகலமான, விளிம்பு நிமிர்ந்து வெளுத்த பச்சைச் செதில்கள், வெறுங்கண்ணுக்கே தெரியும். என்னுடையது மணி. முடிந்தது.

ஆல்பைனா எனக்குக் கொஞ்சம் தலையிடி தந்தது. மணி விடுகிறது, ஆர்க்டிக்கில் சாதாரணம், அளவும் ஒன்று. புதிதாய் முளைத்தபோது எலுமிச்சை மஞ்சள், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். என் வைக்கோல் குடைகளில் இரண்டு சற்று மஞ்சள் தட்டியவை. இங்கேதான் முதல் நாள் கண்ட நாவல் நிறம் கை கொடுத்தது. ஆல்பைனாவின் தண்டு உச்சி முதல் அடி வரை மஞ்சள். செவுளுக்குக் கீழே கடும் நிறப் பட்டி அம்பெல்லிஃபெராவின் அடையாளம். இரண்டாம் முறை எடுத்த நான்கிலும் பட்டி இருந்தது, மஞ்சள் தட்டியதிலும்கூட.

வெலுட்டினாதான் மிச்சம். சாம்பல் கலந்த மண்ணிறம், பெரும்பாலும் இன்னும் சிறிது, தண்டில் மெல்லிய மயிர். அதுவும் மணி விடும். காய்ந்த மாதிரியில் வெலுட்டினாவையும் வெளுத்த அம்பெல்லிஃபெராவையும் பிரிப்பேன் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். பச்சையாக இருக்கையில் என் குடைகளில் சாம்பல் சாயலே இல்லை, தண்டின் மேற்பாதி வழுவழுப்பு. ஆகவே விலக்கினேன். ஆனால் இந்த விலக்கலின் பலம் ஹட்சோனியானாவை விலக்கியதின் பலத்துக்குப் பக்கத்திலும் வராது. அதைப் பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

டிஎன்ஏ பார்க்கவில்லை. பங்கசுகளுக்குப் பட்டைக்குறிபோலப் பாவிக்கிற ஐடிஎஸ் பகுதியை வாசித்தால் வெலுட்டினாக் கேள்வி தீர்ந்துவிடும். அதற்கென்று ஒரு குடை சிலிக்காக் குருணையில் காய்ந்துகொண்டிருக்கிறது. 2012இல் யோசெஃப் கெம்ல் முதலானோர் இந்தப் பேரினத்தின் மரபைப் பரிசோதித்தபோது, ஆர்க்டிக்கைச் சுற்றி இவை அடிக்கடி கண்டம் தாண்டிப் பரவியிருப்பதைக் கண்டார்கள். அப்படியென்றால் என் மேட்டுக் குடைக்கு அலாஸ்காவில் நெருங்கின சொந்தம் இருந்தாலும் நான் அதிசயப்படமாட்டேன். வித்தி மட்டும் பறந்தால் போன இடத்தில் புதிதாய் அல்கா தேட வேண்டும். மணி பறந்தால் சோடியாகவே போய் இறங்கலாம்.

விவரணை

லைக்கனோம்ஃபாலியா அம்பெல்லிஃபெரா. குடும்பம் ஐக்ரோஃபொரேசியே.

உடல்: பீட்டின் மேல் கடும் பச்சை மணிகள், 80–200 மைக்ரோமீற்றர், உருண்டை, பங்கசுக் கலங்களால் ஓடு கட்டியவை, உள்ளே நீள்வட்டப் பச்சை அல்காக் கலங்கள், குளோரினில் நிறமாற்றம் இல்லை. குடை: 6–14 மில்லிமீற்றர், முதலில் தட்டைக்குவிவு, விரைவில் நடுக்குழி, வயதாக ஆகப் புனல் வடிவம், ஈரத்தில் வரியோடியது, விளிம்பு அலையலையாய், வெளுத்த வைக்கோல் நிறம், நடு மண்ணிறம். செவுள்: இடைவெளி அதிகம், தடிப்பு, தண்டில் வழிந்திறங்கும், சிலவற்றில் அடியில் குறுக்கு நரம்பு, பாலாடை நிறம். தண்டு: மண்ணோடு பெயர்த்த மாதிரிகளில் 18–26 × 1–1.5 மில்லிமீற்றர், உச்சியில் நாவல்-மண்ணிறப் பட்டி, கீழே குடையின் நிறம், அடியில் வெள்ளைப் பஞ்சு. வித்திப்பொடி வெள்ளை. வித்தி: 7.5–9.5 × 5.5–7 மைக்ரோமீற்றர், அகன்ற முட்டை வடிவம், வழுவழுப்பு, மெல்சரில் மாற்றமில்லை. பேசிடியம்: பெரும்பாலும் நான்கு வித்தி. சிஸ்டிடியம் இல்லை, கிளாம்ப் இல்லை. இடம்: செடி உரிந்த பீட் மேடு, வடக்குச் சரிவு, கிரெக்லிங், குள்ள பேர்ச் அருகே. காலம்: ஓகஸ்ட் நடுவும் கடைசியும்.

உண்ணலாமா என்று கேட்பார்கள். ஏழு குடையையும் சேர்த்துத் தராசில் வைத்தேன். சமையலறைத் தராசு பூச்சியத்திலிருந்து அசையவில்லை.

உலர்த்திய மாதிரிகள் இரண்டு காகித உறைகளில் இருக்கின்றன. இரண்டாம் உறையில் முழுப்பெயர் எழுதியிருக்கிறேன். அதற்குள் ஒரு பீட் கட்டி பச்சை மணிகளோடு அப்படியே. முதல் உறையில், கத்தியால் அரிந்த ஏழில் மிஞ்சியவை. அதே மேடு, அதே வித்தி, அதே நாவல் பட்டி. இருந்தும் பேரினப் பெயருக்கு மேல் எழுதவில்லை, 'அடி இல்லை' என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். மேட்டிலே இரண்டு இனம் கலந்து நின்றிருந்தால் அதை இனி அறிய வழியில்லை.

அடுத்த ஓகஸ்டில் அண்ணர் தனியாக முல்தேக்குப் போய்வந்தார். வாளியின் மேல் ஒரு நுங்குக் கண் அளவு பீட் கட்டி, அதில் சாம்பல் மண்ணிறமாய் மூன்று குடை. கத்தி படவில்லை, கையாலேயே கிண்டி எடுத்திருக்கிறார்.

"தம்பி, அடியைப் பாத்தனான். இதிலை பச்சை இல்லை."

இல்லைத்தான். நுணுக்குக்காட்டியில் வைத்தால் குறுக்குச்சுவருக்குக் குறுக்குச்சுவர் கைபிடி. ஏதோ ஒரு ஆரேனியா. இனம் இன்னும் பிடிபடவில்லை.